உள்ளே நின்றதும் வெளியே நின்றதும்

உள்ளே இருப்பது, உள்ளே இருக்கவென்றே உண்டானதாலா, அங்கே இடம் கிடைத்துவிட்டதாலா? நுண்ணோக்கியில் குனியும்போதெல்லாம் எழிலரசியின் முன்னால் கிடந்தது இந்தக் கேள்விதான்.

அவள் அப்பா ராமலிங்கம் ஆம்பூரில் தோல்களைத் தரம் பிரிப்பவர். விடுமுறைகளில் அவளும் அந்த மேசையில் நின்றிருக்கிறாள். மேல்பக்கத்தில் கீறல், உண்ணிக்கடி இருக்கிறதா என்று பார்த்தவுடன் தரம் சொல்லிவிட வேண்டும். யோசித்தால் அடுத்த தோல் வந்து விழும். பயோடெக்னாலஜி படித்து, வேலூர்க் கருத்தரிப்பு மையம் ஒன்றில் கருக்களைக் கவனிக்கும் வேலைக்கு வந்த பிறகும் அந்தக் கண் மாறவில்லை.

ஒடுகத்தூர் பாக்யலட்சுமி, ஷூ கம்பெனியில் தைப்பவள், கடைசி முயற்சியாக வந்திருந்தாள். இரண்டு கருக்கள்தான் தேறின. அவள் கருப்பையில் முன்பே கத்தி பட்டிருந்ததால் இரட்டையைத் தாங்காது. ஒன்றைத்தான் வைக்க முடியும். மிஞ்சுவதைப் பின்னாளுக்கு உறையவைக்கலாமென்றால் இரண்டுமே அந்த அளவுக்குத் திடமில்லை.

எது பிள்ளையாகும் என்று எப்போது தெரியும் என முந்தின நாள் பாக்யலட்சுமி கேட்டிருந்தாள். தொடக்கத்தில் எந்தச் செல்லும் எதுவாகவும் ஆகலாம், பிறகு உள்ளே அகப்பட்டவை பிள்ளையாகும், வெளியே நின்றவை அதற்கு ஊட்டும் நஞ்சுக்கொடியாகும் என்றாள் எழிலரசி.

"அப்போ வெளிய நின்னது இன்னா பாவம் பண்ணுச்சு மேடம்?" பாக்யலட்சுமி சிரித்தாள்.

மறுநாள் காலை, வெளிச்செல்கள் நெருக்கமாகவும் சீராகவும் இருந்த முதல் கருவை வைக்கலாம் என்று டாக்டர் மெர்சியிடம் சொன்னாள். பாக்யலட்சுமியைப் படுக்கவைத்தாயிற்று. கருவை எடுக்குமுன் நுண்ணோக்கியின் குமிழை இன்னும் கொஞ்சம் திருகிக் கருவின் உட்புறத்தைப் பார்த்தாள். உள்ளே சில செல்களே இருந்தன, ஒட்டாமல் சிதறிக் கிடந்தன. இரண்டாவதில் உள்ளே நல்ல திரள், வெளிச்சுவர்தான் மெலிந்திருந்தது. தோலைப் போல மேலே மட்டும் பார்த்துத் தரம் சொல்லியிருக்கிறாள்.

டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இன்னாம்மா, பேஷன்ட்ட படுக்கவெச்சாச்சு, இப்ப வந்து மாத்தறியா?" டாக்டர் தானும் குனிந்து பார்த்தார். நிமிர நேரமாயிற்று. "ஒண்ணுத்துல புள்ள கம்மி. இன்னொண்ணுத்துல புள்ளைக்குச் சோறு போடறது கம்மி. நானா இருந்தா ரெண்டாவத எடுப்பேன். ஆனா தினம் பாக்கறவ நீ. சீக்கிரம் சொல்லு, வெளிய வெச்சிருந்தா ரெண்டும் போய்டும்."

கண்ணாடிக்கு அப்பால் பாக்யலட்சுமி தலையைத் திருப்பி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழிலரசி மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. நர்சுகள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு முதல் கருவையே குழாயில் எடுத்தாள்.

அது தங்கியது. பாக்யலட்சுமிக்கு இன்று ஒரு மகள். அதனாலேயே அந்தத் தேர்வு சரியென்று ஆகிவிடாது, மற்றதும் தங்கியிருக்கலாம். காலையில் சொன்னதைக் கைவிட மனமில்லையா, புதிதாக எதையாவது கண்டாளா என்று டாக்டர் எத்தனையோ முறை கேட்டுவிட்டார். எழிலரசி ஒவ்வொரு தடவையும் அடுத்த கருவின் மேல் குனிந்து குமிழைத் திருகத் தொடங்கிவிடுவாள்.