ஜூலை இருபதில் நட்ட நாற்று

ஆகஸ்ட் பதினைந்து என்றால் எல்லோருக்கும் சுதந்திரம்தான். அதே ஆகஸ்ட் பதினைந்தில், சுதந்திரத்துக்குப் பதினோரு வருஷம் முன்னால், பெர்லின் ஒலிம்பிக்கில் நம் ஹாக்கிக்காரர்கள் ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்று நொறுக்கியது எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிக்கூட நூலகத்தில் இதைப் படித்த அன்று வீடு வரைக்கும் ஓடியே வந்தேன். ஒரே தேதி! இரண்டும் காலண்டரில் ஒரே கட்டத்துக்குள் குடியிருக்கின்றன!

அன்றைக்கே நாலு குயர் நோட்டு ஒன்று வாங்கி, தேதிக்கு ஒரு பக்கம் என்று நாள் நோட்டு ஆரம்பித்தேன். எந்த வருஷமாக இருந்தாலும் சரி, தேதி ஒன்றென்றால் ஒரே பக்கம். புரட்சி, போர், ஓட்டப்பந்தயம், கூடவே எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த நாள், யார் வயலில் நடவு, சடுகுடுவில் யார் ஜெயித்தது, எல்லாம் உண்டு. நிறைய விழுந்த பக்கம் பணக்காரப் பக்கம். வெறிச்சென்று கிடந்தால் ஏழைப் பக்கம். பின்னால் காலேஜில் பியூசி முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங்குக்குக் காத்துக் கிடந்த எனக்கு ஏழைப் பக்கங்களைப் பார்த்தாலே கை அரிக்கும்.

ஜூலை இருபது படு ஏழை. அறுபத்தொன்பதாம் வருஷம் அதற்கு யோகம் அடித்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் வேதக்கோயிலில், அதான் சர்ச்சில், ஆராதனை முடிந்து, சாயங்காலம் குடவாசலில் சடுகுடு. எங்கள் தெரு அணிக்கு என் அக்காவின் வீட்டுக்காரர்தான் கேப்டன். கடைசி நிமிஷத்தில் அத்தான் தனி ஆளாகப் போய் மூன்று பேரைத் தொட்டு, கோட்டில் விரல் பட விழுந்தார் பாருங்கள், கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே கட்டிவிட்டது. கோப்பையை யார் தூக்கி வருவது என்று சண்டை போட்டுக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் திங்கட்கிழமை அத்தானின் மூன்று மா வயலில் குறுவை நடவு. மூன்று மா என்றால் ஓர் ஏக்கர். பண்ணை நிலம், அத்தானுக்குக் குத்தகை. அத்தான் முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி நாற்று முடி வீசினார். அக்கா, நான், இன்னும் ஆறு பெண்கள் சேற்றில் நின்றோம். எட்டு மணி வாக்கில் பண்ணைக் காரியஸ்தர் வரப்பில் வந்து நின்றார். தோளில் டிரான்சிஸ்டர். அதை ஊர் முழுக்கக் காட்டி முடித்தவர், மிச்சம் இருந்த எங்களுக்கும் காட்ட வந்திருந்தார்.

எட்டரை மணிக்கு அதிலிருந்து இங்கிலீஷில் ஒரு குரல். எனக்குக் கால் தரிக்கவில்லை. “இறங்கிட்டான்! நிலாவுல கால வெச்சிட்டான்!” என்று கத்தினேன்.

“சேறா இருக்காமா?” என்றாள் அந்த ஆறு பேரில் மூத்தவள்.

“இல்லக்கா. ஒரே தூசியாம்.”

“தண்ணி இல்லியா? அப்ப வாய்க்காத் தண்ணி எட்டாத கடமடையாத்தான் இருக்கும். பாவம், யாரு மொற வெச்சு தண்ணி விடுவா?”

சிரித்த சிரிப்பில் வரிசை கோணிவிட்டது.

இரண்டு மூன்று நாள் கழித்து எங்கள் போதகர் வீட்டு இங்கிலீஷ் பேப்பரின் மூலையில் நாலு வரி கண்ணில் பட்டது. பிரான்ஸ் தேசத்தைச் சுற்றி வரும் சைக்கிள் பந்தயத்தில் பெல்ஜியம் வீரர் ஒருவர் ஜெயித்துவிட்டார், ஜூலை இருபது அன்று! அதே பேப்பரில், நிலாவில் கால் வைத்ததும் அமெரிக்க நேரப்படி ஜூலை இருபது! அங்கே ஞாயிறு ராத்திரியாக இருந்தபோதுதான் இங்கே திங்கள் விடிந்திருக்கிறது. சடுகுடு, சைக்கிள், நிலா மூன்றும் ஒரே தேதியில்! என் நோட்டிலேயே பெரிய பணக்காரப் பக்கம்! நிலாவை இருபதில் போட்டுவிட்டு, அதே நிமிஷத்தில் நட்ட நாற்றை இருபத்தொன்றில் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. “அத்தான் வயலில் குறுவை நடவு” என்று அதே பக்கத்தில் நாலாவது வரியாகச் சேர்த்தேன்.

அப்புறம் ஊரில் நிலப் பிரச்சினை முற்றியது. ஒரு பக்கம் கூலிச் சண்டை, சிவப்புக் கொடி, போலீஸ் வேன். இன்னொரு பக்கம், குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்ய ஆட்சியில் இருந்தவர்கள் புதுச் சட்டம் கொண்டு வந்தார்கள். பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு யாரும் எழுப்ப முடியாது. அத்தான் மனுப் போட்டார். அந்தக் குறுவைக்கு முன்னாலேயே இவர் நிலத்தை விட்டுப் போய்விட்டார், வயல் தரிசாகக் கிடந்தது என்று பண்ணையிலிருந்து பதில் மனு. குத்தகை நெல் களத்திலேயே அளந்து போனது, ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது. கூட நட்ட ஆறு பேருக்கும் அன்றாடம் பண்ணையில்தான் வேலை. யாரைப் போய் சாட்சிக்குக் கூப்பிடுவது?

“பாப்பா, உன் நோட்டுல நம்ம நடவு இருக்குல்ல?” என்று அத்தான் கேட்டபோது நான் தரையிலேயே இல்லை. என் நோட்டு சர்க்காருக்குப் போகப் போகிறது!

தாலுகா ஆபீசில் விசாரணை. அதிகாரி பக்கத்தைப் புரட்டி ரசித்துப் படித்தார். “சைக்கிள் பந்தயம் எல்லாம் எழுதியிருக்கியேம்மா!” எனக்கு ஒரு முழம் வளர்ந்த மாதிரி இருந்தது.

காரியஸ்தர் தொண்டையைச் செருமினார். “அய்யா, அந்த ஜூலை இருபது என்ன கெழமைன்னு பாருங்க. ஞாயித்துக்கெழம. இவங்க வேதக்காரங்க. களத்துல காயுற நெல்லு மழையில நனைஞ்சாக்கூட ஞாயித்துக்கெழம கை வெக்க மாட்டாங்க. ஊருக்கே தெரியும். அன்னைக்குப் போயி நடவு நட்டாங்களாம்!”

அதிகாரி பழைய காலண்டரைத் தேடிப் பார்த்தார். ஞாயிறுதான். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“சார், நடவு திங்கட்கிழமைதான். நான்தான் மாத்தி எழுதினேன்” என்றேன். “நிலாவுல இறங்கினப்பதான் நட்டோம். அமெரிக்கக் கணக்குப்படி அது இருபதாம் தேதி சார்.”

“நடவு அமெரிக்காவுலயாம்மா நடந்துச்சு?”

ஆபீசே சிரித்தது. அதிகாரி நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். “தேதிய இஷ்டத்துக்கு மாத்துற நோட்ட நான் எப்படிம்மா எடுத்துக்கறது?”

மூன்று மாவும் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நோட்டில் ஒரு பக்கம் அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக நானே கொடுத்து அனுப்பினேன்.

அப்போது வாசல்படியில் நின்ற அக்கா வாயைத் திறந்தாள். “அய்யா, இவ சொல்றது நெசந்தாங்க. திங்கக்கெழம காலைல வரப்புல யாரோ ஒரு டப்பா ரேடியோவ வெச்சுக்கிட்டு நின்னாங்க. ஒரே கர்ரு கர்ருன்னு. ஒரு வார்த்த வெளங்கல.”

“டப்பாவா?” காரியஸ்தர் துள்ளித் திரும்பினார். “கூத்தாநல்லூர் பாய் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்து குடுத்தது அது! மூணு பேண்டு! அன்னைக்கு ஒவ்வொரு வார்த்தையும் கணீர்னு கேட்டுச்சு. இந்தப் பொண்ணு சேத்துல நின்னுக்கிட்டு கத்துன கத்துலதான் பாதி…”

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். “சேத்துலயா? தரிசுன்னுல்ல மனுவுல எழுதியிருக்கு?”

காரியஸ்தர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. “நானும் அன்னைக்கு ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்துட்டு ஆபீசுக்கு லேட்டுதான்” என்று சொல்லிக்கொண்டே, அதிகாரி அத்தானின் பெயரையும் அவர் அப்பா பெயரையும் கேட்டுக் குத்தகைப் பதிவேட்டில் எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் நோட்டைப் பிரித்தேன். “இனிமேயாவது நட்ட அன்னைக்கே நட்டேன்னு எழுது தாயி” என்றார் அத்தான். “நிலாவுக்காரன் எங்க வேணா போவட்டும், நம்ம வயல அவன்கூட அனுப்பாத” என்றாள் அக்கா.

நிலாவையும் நடவையும் அடித்து, இருபத்தொன்றாம் தேதிக்குக் கொண்டுபோனேன். பஸ் குலுங்கியதில் எழுத்து ஆடிற்று. இருபதில் சடுகுடுவும் சைக்கிளும் மிச்சம். அப்புறம் அன்றைய தேதியைப் புரட்டினேன். காலி. அத்தான் பெயர் ஏறியது என்று ஒரு வரி எழுதினேன். அந்தத் தேதியில் உலகத்தில் வேறு என்னென்னவோ நடந்திருக்கும். நான் தேடவில்லை. அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் அந்த ஒரு வரிதான்.