விபூதியும் சிறுநீரும்

கண்டியில் மயக்க மருந்து டொக்டராக வேலை பார்க்கும் எனக்கு இரத்தமோ சிறுநீரோ ஒருபோதும் அருவருப்பைத் தந்ததில்லை.

அன்று நாவலப்பிட்டிக் கடைக்காரர் ஒருவருக்கு அவருடைய மனைவியின் சிறுநீரகத்தைப் பொருத்தினோம். இரத்தக் குழாயின் கவ்வியைத் திறந்த பிறகும் சிறுநீரகம் நீலம் பாரித்தே கிடந்தது. பிரஷர் போதவில்லை. சேலைனை வேகமாக ஏற்றினேன். பிரஷர் மெல்ல ஏற ஏற, அது இளஞ்சிவப்பாக மாறி, சர்ஜனின் கையுறை மீது சிறுநீரைப் பீச்சியது. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அதே சிரிப்போடு வெளியே போய், கோயில் விபூதியுடன் காத்திருந்த கடைக்காரரின் அண்ணனிடம் சொன்னேன்.

“சிறுநீர் வந்துருச்சுங்க!”

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். “சீ! கையில விபூதி வச்சிருக்கேன், டொக்டர். தம்பி பொழச்சுக்குவான்ல?”

“அவரு நல்லா இருக்காரு. அவரு சம்சாரம்தான் வலியோட இருக்காங்க. போய்ப் பாருங்க.”

“அவ கெடக்கா. குடுக்க வேண்டியதக் குடுத்துட்டால்ல. நீங்க இதப் பூசிக்குங்க” என்று விபூதியை நீட்டினார்.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“நான் இன்னும் கை கழுவலைங்க” என்று சொல்லி விலகினேன்.

அந்தக் கை தந்ததைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது. என் கைகளைக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தேன்.