கலைக்கூடத்தில் எங்கள் தூக்குச்சட்டி

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி இருக்கிறது. ஒருவருக்கான தயிர்சாதம் கொள்ளும் அளவு. நல்ல கனம், உருண்டை வயிறு, ஒரு பக்கம் தளர்ந்துபோன கைப்பிடி, அடியோரத்தில் ஒரு நசுங்கல். மூடிக்குக் கீழே, கழுத்தை ஒட்டி, என் தாத்தாவின் பெயரும் ஊரும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். பெயர் வெட்டியவரின் உளி ஓரிடத்தில் வழுக்கியதால் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் மீன்முள் மாதிரி ஒரு கீறலும் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தப் பாத்திரம் ஹைதராபாத் பப்ளிக் கார்டனில் உள்ள கலைக்கூடத்தின் சுவரில் தொங்கியது. பாத்திரம் அல்ல, அதன் படம். அந்தப் படத்தால்தான் என் சித்தி வேலையை விட்டாள், ஊரை விட்டாள், வேறு யாரோ தேர்ந்தெடுத்த வாழ்க்கைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அப்போது நாங்கள் அதே ஊரில், மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். அம்மாவுக்கு அரக்கோணம். அம்மாவைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவளுக்கு எதன் மீதும் சந்தேகம். பால்காரன் வந்து போனதும் விரலைப் பாலில் முக்கி எடுத்து, அது ஒட்டுகிறதா வழிகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பாள். பக்கத்து வீட்டு ஆண்ட்டி சிரித்துப் பேசினால் எதற்குச் சிரித்தாள் என்று சாயங்காலம் வரை யோசிப்பாள். “எதுக்கும் ஒரு கண்ணு இருக்கட்டும்” என்பது அவள் வாயில் ஓயாமல் வரும் வார்த்தை. அரக்கோணத்திலிருந்து சீர்வரிசையாக வந்த பாத்திரங்கள் அத்தனையிலும் தாத்தாவின் பெயரை வெட்டச் சொன்னது அவள்தானாம். கல்யாண வீட்டுக்கு இரவல் போகும் அண்டாவுக்குப் பெயர் வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் கரண்டிக்குக்கூடப் பெயர் இருந்தது. தெலுங்கும் உருதும் படிக்கிற ஊரில் இந்தத் தமிழ் எழுத்தைப் பார்த்து எவன் திருப்பிக் கொடுக்கப் போகிறான் என்று அப்பா கேலி செய்வார். அவன் கொடுக்காவிட்டால் என்ன, எனக்கு அடையாளம் தெரியுமே என்பாள் அம்மா.

சித்தி அம்மாவுக்கு ஒரே தங்கை. தாத்தாவும் ஆயாவும் அடுத்தடுத்துப் போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். நாம்பள்ளிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. தினமும் காலையில் இந்தத் தூக்கில் தயிர்சாதம், மேலே ஒரு ஊறுகாய்த் துண்டு, துணிப்பை, பஸ். முப்பதைத் தொட்டிருந்தாள். வந்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போயின. அவள் அதற்காக வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஏதாவது ஒரு வேடிக்கை சொல்லி என்னைச் சிரிக்க வைப்பாள். மாம்பழ மஞ்சளில் அவளுக்கு மெல்லிய வாயில் துணிப் புடவை ஒன்று இருந்தது. முதல் சம்பளத்தில் அவளே வாங்கியது. அதைக் கட்டும் நாளில் நடையே வேறாக இருக்கும்.

அந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்பே அம்மா மோப்பம் பிடித்துவிட்டாள். துணிப்பையின் அடியில் காய்ந்த மஞ்சள் பூக்கள் கிடந்தன. கழுவி வந்த தூக்கின் அடிவளையத்தில் மண். ஆபீஸில் மேசைமேல் வைத்துச் சாப்பிடுகிறவளின் தூக்கில் மண் ஏது? “ஏண்டி, உங்க ஆபீசுல தரை போடலையா?” என்று கேட்டாள். வெளியே மரத்தடியில் காற்று வருகிறது, எல்லோரும் அங்கேதான் சாப்பிடுகிறோம் என்றாள் சித்தி. அம்மா தலையை ஆட்டினாள். அவள் தலையை ஆட்டினால் நம்பவில்லை என்று அர்த்தம். நம்பியிருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் பப்ளிக் கார்டனுக்குப் போனோம். புல்வெளியில் புளிசாதத்தைப் பிரித்து வைத்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. ஜனங்கள் எல்லாம் கலைக்கூடத்துக்குள் ஓடினார்கள். ஏதோ ஓவியக் கண்காட்சி, டிக்கெட் கிடையாது. சித்தி மட்டும் நகரவில்லை. “மரத்தடியிலேயே நிக்கலாம்க்கா, அஞ்சு நிமிஷத்துல விட்டுடும்” என்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தானும் நனைந்து, என்னையும் நனையவிட்டு அவள் அப்படி நின்றது எனக்கே விசித்திரமாகப் பட்டது. அம்மாவுக்குக் கேட்க வேண்டுமா? சித்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே ஈரத்துணி வாடையும் எண்ணெய்ச் சாயத்தின் வாடையும் கலந்து அடித்தன. அப்பா ஒரு மூலையில் நின்று தலையைத் துவட்டினார். நான் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போய், நடு ஹாலில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு கல் பெஞ்சு. அதன்மேல் எங்கள் தூக்கு. பக்கத்தில் பாதி உரித்த ஆரஞ்சுப் பழம். தளர்ந்த கைப்பிடி, நசுங்கல், எதுவும் விட்டுப்போகவில்லை. “அம்மா, நம்ம தூக்கு” என்று நான் சத்தம் போட, அம்மா வந்தாள். கழுத்தருகே மூக்கை வைத்து, புள்ளி புள்ளியாக இருந்ததை எழுத்துக்கூட்டித் தன் அப்பாவின் பெயரையும் ஊரையும் உரக்கப் படித்தாள். அந்த மீன்முள் கீறல்கூட இருந்தது. வரைந்தவர் ஒரு புள்ளியையும் விடவில்லை.

“கடையில ஆயிரம் தூக்கு விக்கறான்” என்று அப்பா சமாளிக்கப் பார்த்தார்.

“எங்கப்பா பேரு போட்டு ஆயிரமா வித்தான்?” என்றாள் அம்மா.

அதற்குள் சித்தி வந்து படத்தை ஒட்டினாற்போல் நின்றுகொண்டாள். படத்தின் கீழ்ப்பாதியைத் தோள் மறைத்தது. வாட்ச்மேன் ஓடி வந்து, “பீச்சே ஹட்டோ அம்மா, ஹாத் நக்கோ லகாவ்”, தள்ளி நில்லு, கை வைக்காதே என்று அதட்டினார். சித்தி கையை எடுத்தாளே தவிர, இடத்தை விட்டு நகரவில்லை. படத்தின் ஓரத்தில் இருந்த கையெழுத்து உருது எழுத்தில் இருந்ததால் எங்களில் யாருக்கும் படிக்க வரவில்லை. அம்மா மறுபடி வாசல் பக்கம் போய், முதல் படத்திலிருந்து ஆரம்பித்தாள். எந்தப் படத்தில் பெண் இருந்தாலும் அதன் முன் நின்று மூக்கையும் நெற்றியையும் சோதித்தாள். தண்ணீர்க் குடம் தூக்கும் பெண், பூ கட்டும் பெண், முகமே இல்லாமல் முதுகு மட்டும் காட்டிய பெண், ஒருத்தியையும் விடவில்லை. தங்கை எதிலும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால்கூட அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை. என்னை வெளியே அனுப்பினார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து கேட்டேன். ஆபீசுக்குப் பக்கத்தில்தான் பார்க் என்று சித்தி ஒப்புக்கொண்டாள். மத்தியானம் அங்கே போய்ச் சாப்பிடுவேன், ஒருத்தர் படம் போட்டுக்கொண்டிருப்பார், தூக்கு பளபளவென்று இருக்கிறது, கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் போகிறீர்களா என்று கேட்டார், வைத்தேன் என்றாள்.

“நீ எங்கே இருந்தே?”

“தள்ளி.”

“உன்னை வரைஞ்சானா?”

“என்னை வரையலைக்கா. தூக்கைத்தான் வரைஞ்சார்.”

அந்தக் குரலில் ஓர் ஏக்கம் இருந்ததாக அன்று எனக்குப் பட்டது. பாவம், சித்தி, பக்கத்திலேயே இருந்தும் அவளை விட்டுவிட்டுப் பாத்திரத்தை வரைந்திருக்கிறானே என்று அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அம்மாவுக்கோ ‘வரைஞ்சான்’ என்று தான் கேட்டதற்குத் தங்கை ‘வரைஞ்சார்’ என்று பதில் சொன்னதே போதுமானதாக இருந்தது.

மறுநாள் சித்தி வேலைக்குப் போகவில்லை. அதன் பிறகும் போகவில்லை. அப்பா இரண்டு முறை பேசிப்பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டார். பெரம்பூரில் ரயில்வே ஆபீஸில் வேலையாக இருந்த, மனைவியை இழந்த ஒருவரின் வரன் ஏற்கெனவே வந்து, வயது அதிகம் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. இப்போது அந்த வயது அதிகமாகப் படவில்லை. தை பிறந்ததும் கல்யாணம் முடிந்தது. சித்தி அழுது நான் பார்க்கவில்லை. கிளம்பும்போது அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அந்தத் தூக்கை. அம்மா புதிதாக ஒன்று வாங்கிப் பெயர் வெட்டிக் கொடுத்தாள். பழையதைப் பரணில் போட்டுவிட்டாள்.

பல வருடங்கள் கழித்து, அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, நான் நாம்பள்ளியில் வேலை பார்த்துவந்த காலத்தில், ஒரு மத்தியானம் அதே கலைக்கூடத்துக்குள் நுழைந்தேன். உள்ளூர் ஓவியர்களின் பழைய படங்களை எடுத்து மாட்டியிருந்தார்கள். தூக்கும் இருந்தது. தாத்தாவின் பெயரைப் படித்துவிட்டு நகரப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று கீழேயும் பார்த்தேன். தூக்கின் வயிற்றில் பார்க்கே வளைந்து விழுந்திருந்தது. வானம், மரம், மரத்தில் மஞ்சள் பூ. அந்தப் பூக்களில் ஒரு கொத்து மரத்தில் இல்லை, தரையில் இருந்தது. கிட்டப் போனால் அது மாம்பழ மஞ்சள் புடவை. கன்னத்தில் கை வைத்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிரஷ்ஷும் கையுமாக ஓர் ஆள். என் கட்டைவிரல் நகத்துக்குள் இருவரும் அடங்கிவிடுவார்கள். எழுத்துப் படிக்கத் தெரிந்த எங்கள் குடும்பம் மொத்தமும் எழுத்தைப் படித்ததோடு நின்றுவிட்டிருக்கிறது.

நான் அம்மாவின் பெண். வீட்டுக்கு வந்து தூக்கைப் பளபளவென்று தேய்த்து மேசைமேல் வைத்தேன். என் கணவரை அதற்குப் பின்னால் நிறுத்திப் பார்த்தேன், தெரியவில்லை. தள்ளி, பக்கவாட்டில் நிறுத்தினேன், ஓரத்தில் வெறும் கோடாக இழுபட்டார். என் தோளை ஒட்டி உட்கார வைத்தபோதுதான் படத்தில் இருந்த மாதிரியே என் பக்கத்தில் முழுசாக வந்தார். என்ன ஆராய்ச்சி இது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சித்தி தள்ளி உட்கார்ந்திருக்கவில்லை.

அடுத்த முறை மெட்ராஸ் போனபோது தூக்கையும் பையில் வைத்து எடுத்துப்போனேன். சித்தப்பா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டில் சித்தியிடம் அதைக் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எழுத்தின் மேல் விரலை ஓட்டவில்லை. நேராக வயிற்றைத்தான் பார்த்தாள்.

“பார்த்துட்டியா?” என்றாள்.

“மஞ்சப் புடவை” என்றேன்.

முன்னறையை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினாள். “கண்காட்சி முடியட்டும், உங்க வீட்டுக்கு வந்து கேக்கறேன்னு சொல்லியிருந்தார். அதுக்குள்ள மழை வந்துடுச்சி. அன்னைக்கு அக்கா அந்தப் பேரைப் படிக்கப் படிக்க எனக்கு உயிரே இல்லை. கண்ணைக் கொஞ்சம் இறக்கினா நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம். அவ ஊர்ல இருக்கற பொம்பளை மூஞ்சியெல்லாம் தேடிட்டு வந்தா.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

பெயர் இல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே, ஏன் அதை வரையவிட்டாய் என்று கேட்டேன்.

“அது எழுத்துன்னே அவருக்குத் தெரியாது. ஏதோ பூவேலைன்னு நினைச்சிட்டார். முடிச்சதும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அழிச்சிருப்பார். எங்கப்பா பேரை யாரும் அவ்வளவு அழகா எழுதி நான் பார்த்ததில்லை. எப்படி அழிக்கச் சொல்றது?”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவள் சொன்னது முழு உண்மைதானா, அல்லது யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று மனசின் ஒரு மூலையில் நினைத்திருந்தாளா என்று ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். அந்த மனிதர் பிறகு ஏன் தேடி வரவில்லை என்றும் யோசித்தேன். இல்லை, வந்து, வாசலில் அம்மாவையே சந்தித்துத் திரும்பிப் போனாரோ என்னவோ. கேட்க அம்மா இல்லை.

தூக்கை நீயே வைத்துக்கொள் என்றுதான் கிளம்பும்போது சொன்னேன். சித்தி அதைப் பையில் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். “எடுத்துட்டுப் போயிடுடி. இங்க இருந்தா ஏது, யாரு கொடுத்தாங்கன்னு கேப்பார்” என்றாள். உள்ளே முறுக்கு போட்டு மூடியிருந்தாள், பெரியவர்கள் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருவதில்லை.

இப்போது சித்தியும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் தூக்கை இறக்கித் தேய்த்து, அடுப்பு மேடையில் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைக்கிறேன். என் முகமும் ஜன்னலும் அதில் விழும். சமையலறைக்குள் யாராவது வரும் காலடி கேட்டால் நான் திரும்புவதில்லை. முதலில் தூக்கைத்தான் பார்க்கிறேன்.