பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தார்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாற்று நட்டு வளர்த்தேன், பிறகு செங்கல் சுமந்து வளர்த்தேன். யார் வாசலிலும் போய்ப் பல்லைக் காட்டி நின்றதில்லை. அப்படிப்பட்ட என்னை ஆண்டவர் ஒரு பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார்.

கும்மிடிப்பூண்டியில் கடைசி மகள் மெர்சியோடு இருக்கிறேன். கணவரை இழந்தவள். தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். இரண்டு வருஷத்துக்கு முன், ஜூன் மாதம், அவள் மகள் ஜென்சிக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் கேட்டுத் தெருமுனைப் பள்ளிக்குப் போனாள்.

"ஃபுல் ஆயிடுச்சும்மா. பெஞ்சு இல்ல, பாய் விரிக்கக்கூட எடம் இல்ல" என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார்.

இன்னொரு பள்ளி ஹைவேக்கு அந்தப் பக்கம். கன்டெய்னர் லாரி ஓயாத ரோடு. பிள்ளையைக் கூட்டிப்போக என் முட்டி இடம் தராது. மெர்சி வேலையை விட வேண்டும், இல்லையென்றால் பிள்ளையை ஹாஸ்டலில் விட வேண்டும். ஹாஸ்டல் பேச்சு வந்த அன்று ஜென்சி என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே தூங்கினாள். அன்று அழுதேன். வேறென்ன செய்வேன்?

எங்கள் சபை பாஸ்டரம்மா, "எரிகோ ஜெபம் பண்ணுங்கம்மா" என்றார். பைபிளில் எரிகோ பட்டணத்து மதில் ஏழு நாள் சுற்றி வந்ததும் இடிந்து விழுந்ததே, அதுபோலப் பள்ளி மதிலை ஏழு நாள் சுற்றி நடந்து மனதுக்குள் மன்றாட வேண்டும். சுற்று முடியும்வரை வாய் திறக்கக் கூடாது.

விடியலில் போவேன். இரும்புக் கம்பெனிப் புகை தரைவரை இறங்கிப் பனிபோல நிற்கும். கம்பெனி பஸ்களின் விளக்கு மட்டும் எங்கோ மிதந்து போகும். மதிலைத் தொட்டுக்கொண்டே நடப்பேன். நடக்கிறேனா, தூக்கத்தில் இருக்கிறேனா என்றே தெரியாது. பின்பக்கம் திரும்பினால், உள்ளே பிள்ளைகள் சேர்ந்து பாடம் படிக்கிற சத்தம் மெல்லக் கேட்கும். அந்த நேரத்தில் பள்ளியில் யாரும் கிடையாது. ஆண்டவர் எனக்காகக் கேட்கப் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

வாட்ச்மேன் விடமாட்டான். "இன்னா ஆயா, தெனம் சொவுத்த சுத்திகினு கீற? வெலைக்கு வாங்கப் போறியா?" நான் பேசவில்லை. "காது கேக்காது போல. பாவம்." அதற்கும் பேசாமல் நடந்தேன் பாருங்கள், அதுதான் பெரிய ஜெபம்.

கடைசி நாள் பெரிய டீச்சர் சீக்கிரமே வந்துவிட்டார். "யாரும்மா நீங்க? எதுக்கு சுத்துறீங்க?" பதில் சொல்லவில்லை. விழுந்துவிடுவேனோ என்று பயந்து அவரும் கூடவே நடந்தார். புகைக்குள் நாங்கள் இரண்டு பேர், பேச்சில்லாமல். பின்பக்கம் வந்ததும் அவர் நின்றார். "உள்ள இன்னா சத்தம்? பசங்களா?"

சுற்று முடிந்தது. "ஆமென்" என்றேன்.

"அட, பேசுவீங்களா!"

"பேசுவேன் டீச்சரம்மா. எம்பேத்திக்கு ஒரு எடம் வேணும். ஒரே ஒரு எடம்." வாழ்நாளில் ஒருவரிடமும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

அவர் அந்தச் சத்தம் என்னவென்று பார்க்கச் சாவியோடு வாட்ச்மேனைக் கூப்பிட்டார். மதிலை ஒட்டிய பழைய சத்துணவுக் கூடத்தின் கதவைத் திறந்தான். புறாக்கள்! அடேயப்பா, எத்தனை புறா! எங்கள் முகத்தை உரசிக்கொண்டு பறந்தன.

"புறாவா? பேயின்னு நெனச்சி நான் இந்தப் பக்கமே வர்ல டீச்சர்" என்றான்.

உடைந்த பாத்திரங்களுக்கு நடுவே நின்று டீச்சர் அந்த அகலமான அறையைப் பார்த்தார். "ஒண்ணாம் கிளாஸ இங்க மாத்திட்டா..." என்று தனக்குள் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி ஊத்திக் கழுவணும் பாட்டிம்மா" என்றார். அங்கேயே சேலையைத் தூக்கிச் செருகினேன்.

அடுத்த வாரம் வகுப்பு அங்கே மாறியது. இடமில்லை என்று திரும்பிப் போன பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டு லட்சுமி மகனுக்கும் கிடைத்தது. அவள் ஓடிவந்தாள். "ஆயா, உங்க சாமிகிட்ட எம்புள்ளைக்கும் சேத்தா கேட்ட?"

"நான் எங்கடி கேட்டேன்? அவராத்தான் குடுத்தாரு."

ஒன்று கேட்டேன், தெருவுக்கே கொடுத்தார். ஸ்தோத்திரம். இப்போது கேட்பதை நான் கேவலமாக நினைப்பதில்லை. பிரியமானவர்களே, உங்களுக்கும் எங்காவது இடமில்லை என்று சொல்லியிருப்பார்கள். உடனே திரும்பிவிடாதீர்கள். அவரை நம்பி ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

நான் சொல்லச் சொல்ல மெர்சி எழுதினாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஜென்சி மூன்றாம் வகுப்பு, கடகடவென்று படிப்பாள்.

"ஜென்சி, இங்க வா கண்ணு. மொதல்லேருந்து படி. புறா வர்ற எடத்துல மட்டும் மெதுவா படி."