ஏழாம் கட்டிலின் பொத்தான்

இதைக் கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொத்தான் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

ஒரு சின்ன மருத்துவமனையின் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நோயாளி தலைமாட்டுப் பொத்தானை அழுத்தினால், கட்டில் எண்ணோடு ஒரு முகவரி சர்வருக்கு வரும். எந்த முகவரிக்கு எந்த சர்வ்லெட், அதாவது எந்தச் சின்ன நிரல், பதில் சொல்ல வேண்டும் என்று நான் எழுதி வைத்திருப்பேன். அதுதான் மேப்பிங். அது சரியாக இருந்தால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். தப்பாக இருந்தால் 404. அப்படி ஒரு முகவரியே இல்லை என்று சர்வர் கைவிரித்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மதியம் அந்த வரியை மாற்றியபோது, கடைசியில் வர வேண்டிய நட்சத்திரக் குறியை விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் எந்தக் கட்டிலின் அழைப்பும் போகாது. கண்ணில் பட்டதும் பதறித் திருத்தினேன். பதினொரு நிமிடம்தான். அந்த நேரத்தில் சர்வர் எழுதிவைத்த லாக்கை அழித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி டீ குடிக்கப் போனேன்.

வியாழக்கிழமை ஏழாம் கட்டில் காலியாக இருந்தது. பழைய பொத்தானை மாற்றச் சொன்னார்கள். வயரோடு கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தேன்.

மதியம் 2:40. லாக்கில் ஒரு வரி.

ஏழாம் கட்டில். 404.

மேப்பிங்கைத் திறந்தேன். நட்சத்திரம் இருந்தது. வெளியே மற்ற கட்டில்களின் மணி ஒழுங்காக அடித்தது.

2:41. ஏழாம் கட்டில். 404.

சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். ஏழுக்கென்றே தனி வரி எழுதினேன்.

2:44... 2:45... 404.



டக்.

பைக்குள்ளிருந்து.

2:46.

டக்...

திறக்கத் துணிவில்லை. அந்த ஒரே ஒரு கட்டிலின் அழைப்பை நர்ஸ் மேசைக்குக் கொண்டுசேர்க்க என்னால் முடியவில்லை.

2:50. டக்.

அப்புறம் ஒன்றுமில்லை.

வார்டுக்கு ஓடினேன். ஏழில் இருந்தவர் எங்கே என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"செவ்வாக்கிழமை மத்தியானமே போய்ட்டாரே. பாவம். ஒரு தடவை பெல் அடிச்சிருந்தாக்கூட ஓடிப் போயிருப்போம்."

எட்டாம் கட்டில்காரர் மெல்லத் திரும்பினார்.

"அடிச்சாரும்மா. நான் ஆபரேஷன் மயக்கத்துல கெடந்தேன், கத்த முடியல. அப்புறம் சொன்னா உளர்றேன்னுட்டீங்க. நிமிஷத்துக்கு ஒண்ணு... எண்ணிட்டே இருந்தேன். பதினொண்ணு."

சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.