முதல் மேசைக்குக் கேட்கும் சத்தம்

மணியம் அண்ணன் தன் கிதாரின் சத்தத்தைப் பெருக்கும் பன்னிரண்டு வாட் டியூப் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு, ஜொகூர் பாருவில் நான் வேலை பார்த்த இசைக்கருவிக் கடைக்கு வந்தது தைப்பூசம் முடிந்த இரண்டாவது சனிக்கிழமை. ரெங்கம் ஊரிலிருந்து அவரோடு மனைவி லெட்சுமி அக்காவும் வந்திருந்தார். விற்பனை, பழுது பார்ப்பது இரண்டும் அப்போது என் பொறுப்பு. சத்தம் மங்கிவிட்டது, உள்ளே இருக்கும் கண்ணாடி டியூபை மாற்று என்றார் அண்ணன்.

சோதித்தேன். டியூபில் குறை இல்லை. பழைய பாணியில் செய்த நல்ல ஆம்ப் அது. மெதுவாக வாசித்தால் கிதார் கிட்டத்தட்டப் பாடும். ஆனால் சத்தத்தின் கூர்மையைக் கூட்டும் ட்ரெபிள் திருகு கடைசி எண்ணில் நின்றது. ஏன் இவ்வளவு கூர்மை என்று கேட்டேன். அக்காதான் சொன்னார்.

அண்ணன் கல்யாண விருந்துகளில் வாசிக்கும் குழுவில் இருந்தார். பாட்டுக்கு இடையில் வரும் மெட்டெல்லாம் அவருடைய கிதார்தான். பொங்கலுக்கு முன் கூலாயில் நடந்த விருந்தில், மேடைக்கு நேர் எதிரே முதல் மேசையில் இருந்த பெண் வீட்டார் காதில் டிஷ்யூவைச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள். குழுத் தலைவர் சேகர் அன்றே சொல்லிவிட்டாராம்: “அண்ணே, ஒங்க காது போச்சு. அடுத்த கல்யாணத்திலயும் இப்படின்னா, நான் கீபோர்ட வச்சே ஓட்டிக்கிறேன்.”

அண்ணன் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர். சேகர் சொன்னதைப் பாதி நம்பிவிட்டார்.

“அவன் சொன்னது உண்மைன்னா, கிதார மேல தூக்கி வச்சிட வேண்டியதுதான் தம்பி” என்றார்.

“டிவி சத்தமெல்லாம் சரியாத்தான் வைக்கிறாரு. நான் கூப்பிட்டா மட்டுந்தான் கேக்காது” என்றார் அக்கா.

கூட வேலை பார்த்த ஃபைசலை டிரம்ஸ் அடிக்கச் சொன்னேன். கடையின் அமைதியில் இனித்த அந்தச் சின்ன ஆம்ப், டிரம்ஸுக்கு ஈடாக அண்ணன் சத்தத்தைக் கூட்டி வாசித்ததும் கரகரத்தது. ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கின. ஸ்வரம் தெளியட்டும் என்று அண்ணனின் கை தானாகவே ட்ரெபிளுக்குப் போயிற்று. காரணம் அதுதான். சத்தம் கூடினாலும் ஸ்வரம் உடையாமல் நிற்பதற்குள்ள இடத்தை ஹெட்ரூம் என்போம். சின்ன ஆம்ப்பில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்தக் கரகரப்பே வேண்டும் என்று வாங்குகிறவர்கள் உண்டு. பாடகியின் மெட்டைத் திருப்பி வாசிக்கும் அண்ணனுக்கு அது உதவாது.

இன்னொன்றும் கவனித்தேன். ஆம்ப் தரையில் இருந்தது. அவர் அதை ஒட்டி நின்றார். கிதார் ஸ்பீக்கரின் கூர்மையான சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். அது அவர் முழங்கால் உயரத்திலேயே போய்விடும், காதுக்கு எட்டாது. அக்காவை எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார வைத்திருந்தேன். அவர் ஏற்கெனவே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

கிதாரை நான் வாங்கிக்கொண்டு, அண்ணனை ஆம்ப்புக்கு எதிரே தரையில் உட்காரச் சொன்னேன். அவர் வைத்திருந்த அதே அளவில் ஒரு கம்பியைத் தட்டினேன். சட்டென்று பின்னால் சாய்ந்தார்.

“அலமாக்… இதையா அந்த மேசைக்கு அனுப்பிக்கிட்டு இருந்தேன்?”

அதிர்ச்சிதான். ஆனால் காது கேட்கிறது என்ற நிம்மதியும் அந்த முகத்தில் தெரிந்தது.

பிறகு நாற்பது வாட் ஆம்ப் ஒன்றை, ஸ்பீக்கர் அவர் முகத்தைப் பார்க்கும்படி பின்னால் சாய்த்து வைத்தேன். ஃபைசல் எவ்வளவு அடித்தும் ஸ்வரம் உடையவில்லை. சின்னதில் இருந்த குழைவு இதில் கொஞ்சம் குறைவுதான். அதை மறைக்காமல் சொன்னேன். ட்ரெபிளைப் பாதிக்கும் கீழே அவரே இறக்கினார். அக்கா போதும் என்று தலையாட்டினார்.

கனம்தான் அவரைத் தயங்க வைத்தது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.

“காவடி தூக்குன தோளுதானே, தூக்குங்க” என்றார் அக்கா.

புது ஆம்ப்பை வாங்கிக்கொண்டு கிளம்பியவரிடம், காதையும் ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பங்குனியில் குளுவாங்கில் கல்யாணம். அண்ணன் அழைத்ததால் போனேன். முதல் மேசையில் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். ஒரு பெரியவர் கரண்டியால் தாளம் போட்டார். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் சேகர் வந்தார். பாராட்டவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

“அடுத்த மாசம் பாலோவுல ஒரு கல்யாணம்ண்ணே. கொஞ்சம் முன்னாடியே வந்திருங்க.”

அண்ணன் சரி என்று மட்டும் சொன்னார். வயரை மறுபடி பிரித்து, மறுபடி சுருட்டினார்.

டாக்டர் பார்த்ததில், வலது காதில் கொஞ்சம் குறைந்திருப்பது உண்மைதான் என்று தெரிந்தது. அதனால் இப்போதெல்லாம் விருந்து தொடங்குமுன் அக்கா முதல் மேசையில் போய் உட்கார்ந்து கேட்கிறார். அவர் கை காட்டும் இடத்தில் அண்ணன் ட்ரெபிளை நிறுத்திவிடுகிறார்.

டோன், அதாவது கிதாரின் நாதம், நன்றாக இருக்கிறதா என்பதை வாசிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து முடிவு செய்ய முடியாது. உங்கள் கடைக்கு ஆம்ப் தேர்ந்தெடுக்க வருகிறவர்களிடம், எத்தனை வாட் வேண்டும் என்று கேட்பதற்கு முன், யார் எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். அங்கே போய் நீங்களும் ஒரு முறை உட்காருங்கள்.