வாடை இல்லை என்றவள்

சேலம் கோட்டைப் பகுதியில் நசுருல்லா என்ற மெத்தைக்காரர் இருந்தார். புது மெத்தையும் தைப்பார். ஆனால் ஊர் அவரைத் தேடி வந்தது பழைய சோபாக்களுக்காக. மழையில் நனைந்தது, குழந்தை நனைத்தது, உள்ளே எலி செத்தது, நோயாளி கிடந்தது என்று நாற்றம் பிடித்த சாமான்கள் அவர் வாசலில் வந்து இறங்கும். அவர் ஆணிகளைப் பிடுங்கி மேல்துணியை உரிப்பார். அழுகிய தேங்காய் நாரைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசிக் காயவைப்பார். மரச்சட்டத்தில் சுண்ணாம்புத் தெளிவைப் பூசித் துடைப்பார். பிறகு அடுப்புக்கரிக் கூடைகளோடு சேர்த்து மூடி வைப்பார்.

அவருக்கு வாசனையே தெரியாது. முதல் உலகச் சண்டை முடிந்த சமயத்தில் வந்த விஷக்காய்ச்சலில் ஆள் பிழைத்தார், மூக்கு பிழைக்கவில்லை. குழம்பு கருகினாலும் தெரியாது, பக்கத்தில் சாம்பிராணி போட்டாலும் தெரியாது. நாற்றத்தைப் போக்குகிறவனுக்கு மூக்கு இல்லை என்று வெளியே தெரிந்தால் யார் சோபா அனுப்புவார்கள்? அவர் மனைவி ரோஷன் பீவிக்கு மட்டும் தெரியும். அவள்தான் அவருக்கு மூக்கு.

வெயிலில் காய்ந்த சாமான் நாற்றத்தை உள்ளே மறைத்துக்கொள்ளும் என்று அவள் கண்டிருந்தாள். அதனால் இருக்கையின் மேல் ஈரத்துணியைப் போட்டு வைத்துவிட்டு, கொஞ்சநேரம் கழித்துத் துணியை எடுத்து, முகத்தை அங்கே வைத்து மூச்சிழுப்பாள்.

ஏற்காட்டுத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விற்ற, அவர் நாய் படுத்துப் பழகிய சோபாவை அஸ்தம்பட்டி வக்கீல் சரவணமுத்து வாங்கி அனுப்பியிருந்தார். நசுருல்லா அதை அலசிக் காயவைத்து முடித்தார். ரோஷன் பீவி முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நாய் இன்னும் எந்திரிக்கலீங்க.”

“மறுபடியும் அலசிட்டனே புள்ள.”

“முதுகுப் பக்கமாச் சாஞ்சு படுத்திருக்கு. சீக்காளி நாயி போல, பாவம்.”

சோபாவை ஏற்ற வண்டியோடு வந்திருந்த சென்றாயன் வாசலில் இருந்தே சிரித்தான். “ஏனுங்க பாய், வேலை உங்களுது, தீர்ப்பு அக்காளுதா? நாய இறக்கிட்டே ஏத்துங்க. என் மாடு நாய்னா மிரளும்.”

நசுருல்லா முதுகுச் சாய்வைப் பிரித்தார். உள்ளே நாருக்கு நடுவில் நாய்மயிர் திரண்டு கிடந்தது. அதைக் கழித்துத் தைத்த பிறகு அவள், “போயிருச்சுங்க” என்றாள். அந்த வார்த்தையைத்தான் அவர் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வாடிக்கைக்காரர்கள் எல்லாரிடமும் அப்படித்தான் கொடுத்து வந்தார்.

இதை அன்பு என்று சொல்லிவிடுவது சுலபம். அதில் பாதி தேவைதான். தான் அறிய முடியாத ஒன்றை இன்னொருவர் சொல்லில் இருந்து எடுத்துக்கொண்டு வாழ்கிறவனுக்கு அந்தச் சொல்லைச் சந்தேகிக்க வழியில்லை. ரோஷன் பீவியும் அவரிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் முற்றத்தில் கிடந்த சோபா ஆணி ஒன்று அவள் பாதத்தில் ஏறியது. சர்க்கரை வியாதி உடம்பு. புண் ஆறவில்லை. பாதம் கறுத்தது. காலை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். “மண்ணுக்குள்ள முழுசாப் போறேன்” என்று அவள் மறுத்துவிட்டாள். நசுருல்லா வற்புறுத்தவில்லை. பிறகு தைக்கும்போதெல்லாம் அதை நினைத்து ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

தினமும் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்தர் பானு, முதலில் நிலைப்படியில் நின்று பேசினாள். பிறகு சன்னலுக்கு வெளியே இருந்து பேசினாள். பிறகு கஞ்சியைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாள். நசுருல்லாவுக்கு மனதில் ஏதோ உறுத்தியது.

“ரோஷன், வாடை ஏதும் அடிக்குதா?”

“இல்லீங்க. நீங்க வேலையப் பாருங்க.”

அவர் நம்பினார். வக்கீலின் சோபாவுக்கு நம்பியது போலவே நம்பினார்.

ஒரு நாற்காலியை ஏற்றிப்போக வந்த சென்றாயன் அன்று படியேறவில்லை. தெருவிலேயே நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

“பாய், கோவிச்சுக்காதீங்க. அக்கா கட்டிலைக் கொஞ்சம் பாருங்க. தெருமுனையிலயே வருது.”

“என்ன வருது?”

“உங்களுக்குத் தெரியலீங்களா?”

நசுருல்லா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். “எனக்கு மூக்கு இல்ல சென்றாயா. காய்ச்சல்லயே போச்சு. இத்தனை காலமும் அவதான். கேட்டேன், இல்லேன்னாளே.”

சென்றாயன் துண்டை எடுத்துவிட்டான். “அவங்க வாயால எப்படிங்க பாய் சொல்லுவாங்க?”

அன்று நசுருல்லா வேறு வேலை தொடவில்லை. அவளைத் தூக்கிப் பாயில் கிடத்திவிட்டு, ஊறிப்போன மெத்தையைக் கிழித்து வெளியே கொண்டுபோய் எரித்தார். தினமும் மாற்றி எறியும்படி வைக்கோல் மெத்தைகள் தைத்தார். கட்டிலுக்கு அடியில் கரிக்கூடைகளை நிரப்பினார். சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்தார். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் புண்ணைத் தானே கழுவினார். சோபாவுக்குச் செய்ததில் எதையும் விடவில்லை.

“இப்ப?”

“இல்லீங்க.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அந்தச் சொல்லை இனி என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ரோஷன் பீவிக்கு அது புரிந்தது.

“மூக்கு இருக்கவங்க யாரையாச்சும் கூப்பிட்டுக் கேளுங்க.”

“யார் வருவா? சென்றாயனைக் கேக்கட்டுமா?”

“வரச் சொல்லுங்க. நம்ம தம்பி மாதிரிதானே.” போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

சென்றாயன் வந்தான். நிலைப்படியில் கொஞ்சம் தயங்கினான். பிறகு முக்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நசுருல்லா அவன் முகத்தை, மூக்கின் ஓரங்களை, மூச்சை விடாமல் கவனித்தார். சென்றாயனுக்கும் அது தெரிந்திருந்தது.

“தீர்ப்புச் சொல்லு சென்றாயா” என்றாள் அவள். “நாய் எந்திரிச்சிருச்சா?”

“போயிருச்சுங்கக்கா. ஏற்காடு மலையே ஏறிருச்சு.”

அவள் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். சென்றாயன் அங்கேயே டீ வாங்கிக் குடித்தான். பனமரத்துப்பட்டியில் தன் மாடு ஏரிக்குள் இறங்கிக்கொண்டு வர மறுத்த கதையைச் சொன்னான். பேச்சுச் சத்தம் கேட்டு அக்தர் பானு நிலைப்படிவரை வந்து எட்டிப்பார்த்தாள். வண்டிக்காரன் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வெட்கப்பட்டு உள்ளே வந்து, ரோஷன் பீவியின் தலைமாட்டில் உட்கார்ந்து, கலைந்திருந்த முடியைக் கோதிவிட்டாள். மறுநாளும் வந்தாள். ரோஷன் பீவியின் உயிர் போனபோது அவள் கை அக்தர் பானுவின் கைக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு நசுருல்லா வாடை போக்கும் வேலைக்குப் போகவில்லை. புது மெத்தை மட்டும் தைத்தார். பழைய வாடிக்கைக்காரர்கள் காரணம் கேட்டால், “மூக்குப் போச்சுங்க” என்பார். துக்கத்தில் பேசுகிறார் என்று அவர்கள் திரும்பிப் போனார்கள்.

சென்றாயனை மட்டும் ஒருமுறை கேட்டார். வண்டியில் பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நேரம்.

“அன்னிக்கு, நெசமா வாடை இல்லியா?”

சென்றாயன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டான்.

“நான் அங்க உக்காந்திருந்தனில்லீங்க பாய்” என்றான். “அதை வெச்சுக்கோங்க.”

நசுருல்லா தலையாட்டினார். வண்டி தெருமுனையில் திரும்பிய பிறகு உள்ளே போனார். தைத்து முடித்த மெத்தை ஒன்று தரையில் விரித்துக் கிடந்தது. அதன் மேல் ஒரு ஈரத்துணியைப் போட்டார். கொஞ்சநேரம் கழித்து எடுத்துவிட்டு, குனிந்து அந்த இடத்தில் முகத்தை வைத்தார். ஈரம் மட்டும் தெரிந்தது.